இருபது சதவீத மழை

ஃபெபா குரியனுக்கு மே மாதம் பிறந்துவிட்டால் சோறு தொண்டையில் இறங்காது. வெயில் காரணமல்ல, அரபிக்கடல் காரணம். கண்ணைத் திறந்ததும் செயற்கைக்கோள் படம், பல் தேய்க்கும்போது காற்றுப் படம், புட்டைப் பிசையும்போது கடல் வெப்பப் படம். சொந்த ஊர் தீக்கோயியிலிருந்து மம்மி போன் போட்டு, "மேகத்தைப் பார்க்கிற கண்ணால ஒரே ஒரு தடவை மாப்பிள்ளைப் போட்டோவைப் பாருடீ" என்று கெஞ்சுவாள். மாப்பிள்ளையை ஃபெபா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தினமும், நாள் முழுக்க, பக்கத்து நாற்காலியில்.

அவன் பெயர் தேவ்ஜித் மாரார். திருப்பூணித்துறைக்காரன், செண்டை கொட்டும் குடும்பம். திரையில் மேகம் திரளத் திரள அவன் விரல்கள் மேஜையில் தாளத்தை ஏற்றும். மேகம் கலைந்தால் தாளமும் தொய்ந்துபோகும். அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் ஃபெபா முதலில் தலையைத் திருப்பினாள். திருப்பிய தலையை அப்புறம் நேராக்க முடியவில்லை.

காக்கநாட்டில் கப்பல்களுக்கும் மீன்பிடி படகுகளுக்கும் வானிலை சொல்லும் ஒரு சிறிய கம்பெனி அது. ஆறு பேர், ஆறு பேரும் வானிலை படித்தவர்கள். பகலில் ஆறு பேரும் சேர்ந்து, "சார், மேடம்" என்று மரியாதையாக ஒரே அறிக்கை எழுதுவார்கள். விடிகாலையில் அவரவர் பிளாக்கில் போய் மற்ற ஐந்து பேரையும் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். ஃபெபாவின் பிளாக் 'மழைக்காரி'. தேவ்ஜித்தின் பிளாக் 'காரும் கோளும்'. அதில் அவன் தன் பெயரைப் போடுவதில்லை, வெட்கம். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் பொன்னானி நௌஷாத் இக்கா. 'மழைப் பிராந்தர்' என்று அவர் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் ஆறே பேர், ஆறும் பெயருக்கேற்ற பைத்தியங்கள்.

எடவப்பாதி என்று எல்லோரும் காத்திருக்கும் அந்தப் பருவமழை எந்த நாளில் வந்து இறங்கும் என்று வருடா வருடம் அவர்களுக்குள் ஒரு போட்டி. மே பாதியில் ஆறு பேரும் ஆளுக்கொரு நாளை பிளாக்கில் போடவேண்டும். அப்புறம் ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம், அதுவும் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள். ஜெயித்தவருக்கு மூன்று கம்பி ஒடிந்த ஒரு பழைய நீளக் கறுப்புக் குடை. அதை வருடம் முழுக்கக் கையில் பிடித்துக்கொண்டு, மீட்டிங்குக்குக்கூட, தம்புரான் மாதிரி நடக்கலாம். ரொம்பவும் தப்பாகச் சொன்னவர் ரெயின்கோட்டும் முழங்கால்வரை ரப்பர் கம்பூட்டும் மாட்டிக்கொண்டு உச்சிவெயிலில் காக்கநாடு ஜங்ஷனில் நின்று சாயா குடிக்கவேண்டும். போன வருடம் லிஜி சேச்சி நின்றாள். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த கண்டக்டர், "மழை எங்க சேச்சி, ஆலுவா வரைக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இந்தக் கூட்டத்தில் மன்னிக்கவே முடியாத குற்றம் ஒன்று உண்டு. படம் சொல்வதை விட்டுவிட்டு மனசு சொல்வதை எழுதுவது. ஆசைக்கணிப்பு என்று அதற்குப் பெயர். பிடிபட்டால் எல்லோருக்கும் பொரோட்டாவும் பீஃப் வறுவலும் வாங்கித் தரவேண்டும். பொரோட்டாவைவிட அந்தப் பெயர்தான் சுடும்.

இந்த வருடம் ஃபெபா ஜூன் முதல் திங்கட்கிழமை என்று போட்டாள். தேவ்ஜித் அதே வாரம் வியாழக்கிழமை என்று போட்டான். போட்டுவிட்டு இருவரும் சாயாக்கடைக்குப் போனார்கள். அங்கே பருப்புவடையைக் கடித்தபடி தேவ்ஜித் ரகசியமாக இன்னொரு பந்தயம் வைத்தான்.

"யாரு தோக்கறாங்களோ அவங்கதான் போய் உங்க சாச்சன்கிட்ட நம்ம விஷயத்தைச் சொல்லணும்."

ஃபெபாவுக்கு வடை விக்கிக்கொண்டது. "எடா, நீ தோத்தா நீ உயிரோட திரும்ப மாட்டே."

"அதனாலதான் தோக்க மாட்டேன்."

சாச்சன் என்பது ஃபெபாவின் அப்பா, தீக்கோயி மலைச்சரிவில் ரப்பர் வைத்திருக்கும் குரியன். தேவ்ஜித் சர்ச்சுக்கு வராத வீட்டுப் பையன் என்பதெல்லாம் அவரிடம் இரண்டாவது பிரச்சினை. முதல் பிரச்சினை கப்பை.

போன வருடம் மாசியில் சாச்சன் அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூட்டி, வருடத்துக்கே ஆகிற மாதிரி கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கி, சீவி, அண்டாவில் வாட்டி, வீட்டுக்கு மேலிருக்கும் பெரிய பாறையில் காயப்போட்டார். அவ்வளவும் 'காரும் கோளும்' பிளாக்கைப் படித்துவிட்டு. வறண்ட வாரம், இடியோடு மழைக்கு வாய்ப்பு இருபது சதவீதம்தான் என்று அதில் எழுதியிருந்தது. மறுநாள் மத்தியானம் தலைக்கு மேல் ஒரே ஒரு மேகம் வந்து நின்றது. சுற்றுவட்டாரம் முழுக்க வெயில். பாறையில் மட்டும் மழை. கப்பை முழுக்கப் பூசணம்.

அன்றிலிருந்து சாச்சன் தினமும் அந்த பிளாக்கில் கமெண்ட் போட்டார். "எடா கப்பைத் திருடா, இருபது சதவீதம்னு சொன்னியே, அந்த இருபதும் என் பாறையிலதான் விழணுமா?" தேவ்ஜித்தும் தினமும், "மதிப்பிற்குரிய குரியன் சார், தங்கள் கப்பைக்கு என் ஆழ்ந்த இரங்கல்" என்று பதில் போடுவான். அதைப் பார்த்து அவருக்கு இன்னும் ஏறும். கப்பைத் திருடன் தன் மகளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. மகளின் பிளாக்கோ அவருக்கு வேதம். மழைக்காரி எழுதிய நாளைப் பார்த்துத்தான் ரப்பர் மரங்களுக்கு ரெயின்கார்டு கட்டுவார். மரத்துக்கு இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டினால்தான் மழையிலும் பால் வெட்டலாம். கட்டுவதற்கு முன் மழை பிடித்தால் நனைந்த பட்டையில் பசை ஒட்டாது, அந்தப் பருவத்துப் பால் போச்சு.

மாற்றிக்கொள்ளக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை வந்தது. தேவ்ஜித் லீவு, கோயில் உற்சவத்தில் செண்டை. ஃபெபா ஆபீசில் தனியாக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அரபிக்கடலில் ஒரு சின்னச் சுழி. அவள் நம்பும் கணினி மாடல் அதைப் புயலாக ஊதிக் காட்டியது. புயல் வந்தால் காற்றையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், மழை கரைக்கு வர மூன்று நாளாவது தள்ளும். வியாழன்.

மற்ற மாடல்கள் திங்கள் என்றன. ஃபெபா அவற்றைப் பார்க்கவே பயந்தாள். திங்கள் என்றால் அவள் ஜெயிப்பாள், சாச்சன் முன்னால் நிற்கவேண்டியது அவன். திங்கள் என்று நினைத்தாலே மனசு குதிக்கிறது. குதிக்கிற மனசை எப்படி நம்புவது? ஃபெபா, நீ ஆசைப்படறே, ஆசைப்படறே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கடைசி நிமிஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு திங்களை அழித்து வியாழன் என்று போட்டாள். போட்டதும் ஒரு புனிதரின் பெருமை முகத்தில் வந்து உட்கார்ந்தது.

அந்தப் பெருமை ஒரு நிமிஷம் தாங்கியது. குழு அலறியது.

"எடீ ஃபெபா! காரும் கோளும் பாரு! அவன் வியாழனை அழிச்சுட்டுத் திங்கள் போட்டுட்டான்!" என்றாள் லிஜி சேச்சி. "ரெண்டு பேரும் சட்டையை மாத்திக்கிட்ட மாதிரி மாத்தியிருக்கீங்க!"

"எனக்கு வாசனை வருது" என்று நௌஷாத் இக்கா குரல் செய்தி அனுப்பினார். "பொரோட்டா வாசனை."

ஃபெபா வராந்தாவுக்கு ஓடிப்போய் தேவ்ஜித்துக்கு போன் போட்டாள். அவனுக்குப் பின்னால் செண்டை இடி இடித்துக்கொண்டிருந்தது.

"எடா, உனக்கு என்ன பைத்தியமா? எனக்காக வேணும்னே தோக்கப் பாக்கிறியா?"

"என்ன? கேக்கல!"

"எனக்காகத் தோக்காதேன்னேன்! சாச்சன்கிட்ட நானே போய்க்கிறேன். ஆனா கணிப்புல காதலைக் கலக்காதே! உன் பிளாக்கைப் படிச்சுட்டுப் படகுக்காரங்க கடலுக்குப் போறாங்கடா!"

செண்டை சட்டென்று தூரமானது. அவன் மதில் பக்கம் போயிருக்கவேண்டும். குரல் மாறியிருந்தது.

"ஃபெபா, உனக்காக நான் மண்ணைக்கூடத் தின்பேன். பொய்யா ஒரு மில்லிமீட்டர் எழுத மாட்டேன். அந்தச் சுழி கரைக்கு வராது, ஓமன் பக்கம் ஓடுது. லட்சத்தீவு கிட்ட ஒரு சரக்குக் கப்பல் மேற்குக் காத்துன்னு, மழையை இழுத்துட்டு வர்ற காத்துன்னு சொல்லியிருக்கு, நம்ம ஆபீசுக்கே வந்திருக்கு, படிச்சியா நீ?"

"அந்தக் கப்பல்..."

"படிக்கல. சரி, நான் கொட்டப் போறேன்."

வைத்துவிட்டான். அவன் அப்படி வைத்ததே இல்லை.

கோபத்தோடு தன் அறைக்குப் போனாள், கோபத்தோடு தூங்கினாள். சனிக்கிழமை காலையில் கோபம் ஆறியது. கப்பல் தகவலைத் திறந்தாள். காற்று மேற்குதான், அதுவும் அசையாத மேற்கு. சுழியைப் பார்த்தாள். அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓமனுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் நம்பிய மாடல்கூட இரவோடு இரவாகக் கட்சி மாறித் திங்கள் என்றது.

"இக்கா, நான் திங்கள்னு ஆசைப்பட்டேன்" என்று நௌஷாத் இக்காவுக்கு போன் செய்து புலம்பினாள். "ஆசைப்படறோமேன்னு பயந்து மாத்திட்டேன்."

இக்கா வாய்விட்டுச் சிரித்தார். "மோளே, இது ஆசைக்கணிப்பு இல்ல. இது விரதக்கணிப்பு! பசிக்குதுன்னு தெரிஞ்சதும் இலையைத் தள்ளி வெச்சிருக்கே. இதுக்கு என்ன அபராதம்னு நம்ம சட்டத்துல இல்லையே!"

"திருப்பி மாத்திக்கவா?"

"மாத்தறது முடிஞ்சு போச்சு. பூட்டியாச்சு."

பூட்டிய பிளாக்கில் வியாழன் என்றே இருக்கும். குடை போகட்டும், கம்பூட்டு மாட்டிக்கொண்டு ஜங்ஷனில் நிற்கவும் தயார். ஆனால் தீக்கோயியில் ஒருவர் அந்த வியாழனை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பாவாடை கட்டாமல் உட்கார்ந்திருப்பார். ஃபெபா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சாச்சன் முற்றத்தில் ரப்பர் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வா மோளே! வியாழன்னு பார்த்தேன். ஆளுங்களைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியாச்சு. அந்தக் கப்பைத் திருடன் திங்கள்னு போட்டிருக்கான், பார்த்தியா? அப்பவே முடிவு பண்ணிட்டேன், திங்கட்கிழமை சுட்டெரிக்கும்னு."

"சாச்சா, நாளைக்கே கட்டணும்."

"எதை?"

"பாவாடை. திங்கட்கிழமை மழை. நான் எழுதினது தப்பு."

சாச்சன் கையிலிருந்த ஷீட்டைக் கொடியில் போட்டார். "அப்ப யாரு சரி?"

"காரும் கோளும்."

உள்ளேயிருந்து மம்மி, "கர்த்தாவே" என்றாள். சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது.

"அவனா? என் கப்பையைக் கொன்னவனா? அவனை நம்பியா நான் ஞாயித்துக்கிழமை ஆளைத் தேடறது? மோளே, அவனை எந்த தைரியத்துல நம்பறே நீ?"

இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல முடியாது என்று ஃபெபாவுக்குத் தெரிந்தது. பந்தயம் முடியவில்லை, யாரும் இன்னும் தோற்கவில்லை. ஆனாலும் வாய் திறந்துகொண்டது.

"மழைக்கு மட்டும் இல்ல சாச்சா. கல்யாணத்துக்கும் அவனைத்தான் நம்பியிருக்கேன்."

முற்றத்தில் சேவல் ஒன்று கூவிவிட்டு, சூழ்நிலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. சாச்சன் அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மேலே பாறையைப் பார்த்தார். அப்புறம் பாறையையே வெகுநேரம் பார்த்தார்.

"கப்பைத் திருடனா?"

"தேவ்ஜித்னு பேரு."

"அவன் எந்த சர்ச், எந்தக் கோயில்னு அப்புறம் கேக்கறேன். முதல்ல இது. அவன் சொன்ன மழை, அவனே வந்து பாவாடை கட்டட்டும். திங்கட்கிழமை என் பாறை நனைஞ்சா, உக்காந்து பேசலாம். நனையலைன்னா..." விரலை நீட்டினார். "இந்த வீட்டுல அவன் பேரும் கிடையாது, பிளாக்கும் கிடையாது."

ஃபெபா தேவ்ஜித்துக்கு போன் செய்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். அவன் பெரிய மனசோடு மன்னித்தான். அடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"எடீ, என் கணிப்பு கேரளக் கரைக்கு. ஒரு பாறைக்கு இல்ல."

"இப்ப பாறைக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குடும்பம் திரும்பும்போது தேவ்ஜித் கேட்டில் நின்றிருந்தான். கையில் ஒரு பலாப்பழம். சாச்சன் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீயா கப்பைத் திருடன்? நான் இன்னும் தடியா ஒருத்தனை நினைச்சுத்தான் இத்தனை நாளா திட்டிக்கிட்டிருந்தேன்."

"வணக்கம் அங்கிள். தங்கள் கப்பைக்கு என்..."

"இரங்கலை நிறுத்து. பாவாடை கட்டத் தெரியுமா?"

"செண்டைக்குத் தோல் இழுத்துக் கட்டத் தெரியும்."

நால்வரும் சரிவில் இறங்கினார்கள். தேவ்ஜித் இழுத்துச் சுற்ற, சாச்சன் தார்ப்பசை பூச, மம்மியும் ஃபெபாவும் கயிறு முடிந்தார்கள். முதல் பத்து மரம் வரை சாச்சன் ஒவ்வொரு கட்டையும் பிடித்து இழுத்து குறை தேடினார். அப்புறம் இழுப்பதை நிறுத்தினார். சாயங்காலம் எல்லோர் முகத்திலும் தார். மம்மி மட்டும் ஃபெபாவின் காதில், "மாப்பிள்ளைப் போட்டோ பாருன்னு சொன்னேன், ஆளையே கொண்டுவந்து மரத்துல கட்டிட்டியேடீ" என்றாள். ராத்திரி தேவ்ஜித், காலையிலேயே மழை என்று மம்மியிடம் சொல்லிவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை விடிந்தது. வெயில். சாதாரண வெயில் இல்லை, பல்லைக் காட்டிச் சிரிக்கிற வெயில்.

"காக்கநாட்டுல மொட்டைமாடியில வத்தல் காயுது" என்று லிஜி சேச்சி படம் அனுப்பினாள். "ஃபெபா, உனக்குக் குடை வந்துடும் போல!"

வேறொரு நாளாக இருந்தால் ஃபெபா துள்ளியிருப்பாள். இன்றைக்கு அவள், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தன் கணிப்பு தோற்கவேண்டும் என்று முட்டி போடாத குறையாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

சாச்சன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் போய் உட்கார்ந்துவிட்டார். தேவ்ஜித் பக்கத்தில் நின்றான். மம்மி வேண்டுமென்றே துணி துவைத்து முற்றத்தில் காயப்போட்டாள், அப்படிச் செய்தால் மழைக்குப் பொறுக்காது என்று. மத்தியானமும் தாண்டியது. பால் சேர்க்காத கட்டங்காப்பி இரண்டு தடவை மேலே போனது.

"எங்கடா உன் மழை?"

"காத்து திரும்பிடுச்சு அங்கிள். இலையைப் பாருங்க."

ரப்பர் இலைகள் திரும்பி வெளிறிய அடிப்புறத்தைக் காட்டின. ஃபெபா முற்றத்திலிருந்து அதைப் பார்த்தாள், உடனே மேற்கே திரும்பினாள். தூரத்தில் பாலா டவுன் பக்கத்துச் சமவெளியில் ஒரு சர்ச் கோபுரம் இருந்தது. திடீரென்று அதைக் காணோம். அதற்கு இந்தப் பக்கத்துத் தென்னைகளையும் காணோம். வெள்ளையாக ஒரு திரை மேற்கிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது.

"சாச்சா, பாலா போச்சு!" என்று அலறினாள்.

முதலில் சத்தம்தான் வந்தது. கீழ்த் தோட்டத்தில் இலைமேல் ஆயிரம் பேர் ஒன்றாகக் கை தட்டுவது மாதிரி. தேவ்ஜித்தின் விரல்கள் நாற்காலியின் முதுகில் தானாகவே கொட்டத் தொடங்கின, மெதுவாக, வேகமாக, உச்சத்துக்கு. மம்மி துணியை எடுக்க ஓடினாள், பாதி வழியில் மனசு மாறி அப்படியே நின்று நனைந்தாள். ஃபெபா பாறை மேல் ஏறி ஓடினாள்.

சாச்சன் எழுந்திருக்கவில்லை. பாறையில் ஒரு சொட்டு விழுந்து கறுத்தது. இன்னொன்று. விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பாறை முழுக்க ஒரே கறுப்பு.

"இருபது சதவீதமா இது?" என்று மழைக்கு மேல் கத்தினார்.

"நூறு அங்கிள்! நூறு!"

"அப்ப கப்பைக்குன்னு கொஞ்சம் கழிச்சுக்கோ!" என்று சொல்லிவிட்டு, சாச்சன் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஃபெபாவுக்கு அழுகை வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியவில்லை. தேவ்ஜித்துக்கு மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலையில் தோட்டத்து மழைமானியை சாச்சன் தானே போய் எடுத்தார், யாரையும் தொட விடவில்லை. மற்றவர்களின் ஊர்களிலும் மானிகள் நிறைந்திருந்தன. நௌஷாத் இக்கா குழுவில் தீர்ப்புச் சொன்னார்: எடவப்பாதி இறங்கியது, குடை காரும் கோளும் பிளாக்குக்கு. விரதக்கணிப்புக்கும் இனிமேல் பொரோட்டாதான் அபராதம், அது இன்றிலிருந்தே அமல். கம்பூட்டு தண்டனையும் ஃபெபாவுக்குத்தான், ஆனால் வெயிலுக்கு இனி எங்கே போவது என்று குழு முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தேவ்ஜித், "பந்தயத்துல தோத்தது நீ. ஆனா தோக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டியே, இதை எந்தக் கணக்குல சேக்கறது?" என்று கேட்டான்.

"என் கணக்குல" என்றாள் ஃபெபா. "நிதானமா வசூல் பண்ணிக்கிறேன்."

பஸ் மழைக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும்போது இருவர் போனும் ஒன்றாக அதிர்ந்தன. காரும் கோளும் பிளாக்கில் புதுக் கமெண்ட்.

"எடா கப்பைத் திருடா, காலையிலேயே மழைன்னு என் மனைவிகிட்ட சொன்னே, வந்தது மத்தியானத்துக்கு மேல. உங்க அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்ற அன்னிக்காவது நேரத்துக்கு வா. கப்பையும் மீனும் இருக்கும்."

தேவ்ஜித் பதில் எழுதத் தொடங்கினான்: "மதிப்பிற்குரிய குரியன் சார்..." ஃபெபா போனைப் பிடுங்கி, அதை அழித்துவிட்டு, "சாச்சா" என்று மாற்றினாள்.